எட்டு வருஷமா சும்மா படுத்த இடத்துல ஒரு ராத்திரி தங்க 32 டாலராம்

கேம்பிங் போய் இடம் கிடைக்காம நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீடு வந்து சேந்தோம், டென்ட் பையை விட்டு வெளியவே வரல, இட்லி மாவு கூட ஐஸ் பெட்டில அப்படியே திரும்பி வந்துடுச்சு. எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கல, எழுதித் தீத்தாத்தான் தூக்கம் வரும்.

இங்க கலிஃபோர்னியாவுல சியரா மலைப் பக்கம் ஒரு நேஷனல் ஃபாரஸ்ட், எதுன்னு பேர் வேண்டாம். தார் ரோட்டை விட்டு ஆறு மைல் மண்ணு ரோட்ல போனா ஓடைக்கு மேல பைன் மரத்துக்கு நடுவுல ஒரு சமதரை. எட்டு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அங்க போய் டென்ட் போட்டுருக்கோம். புதுசா வந்தவங்களுக்கு சொல்றேன், இந்த நாட்ல ஃபாரஸ்ட் சர்வீஸ்னு சொல்ற மத்திய அரசு வனத்துறை கையில 19.3 கோடி ஏக்கர் இருக்கு, பிஎல்எம்னு சொல்ற நில நிர்வாக அமைப்புகிட்ட 24.5 கோடி ஏக்கர், ரெண்டையும் சேத்தா நம்ம தமிழ்நாடு மாதிரி பதிமூணு வரும். எல்லாம் பொது நிலம். அதுல பல இடத்துல கேம்ப்கிரவுண்ட்னு டென்ட் போடறதுக்குன்னே ஒதுக்கின இடம் எதுவும் இல்லாம நீங்களா ஒரு இடம் பாத்து சும்மாவே தங்கலாம், பெரும்பாலும் 14 நாள் வரைக்கும். பைப்பு கிடையாது, டாய்லெட் கிடையாது, 6 இன்ச் 8 இன்ச் குழி தோண்டிப் போய்ட்டு மண்ணைப் போட்டு மூடணும், ஓடைலேந்து 200 அடி தள்ளி. குப்பையை மூட்டை கட்டி வீட்டுக்கே எடுத்துட்டு வரணும். நாங்க எட்டு வருஷமும் அப்படித்தான் செஞ்சோம், அடுத்தவன் போட்டுட்டுப் போன பீர் கேனையும் சேத்து பொறுக்கிட்டு வந்திருக்கோம்.

இந்தத் தடவை போய்ப் பாத்தா வாசல்லயே காவி கலர் கம்பம், நம்பர் 1, நம்பர் 2ன்னு பன்னெண்டு வரைக்கும். நாங்க அடுப்பு மூட்டற கருகின கல்லையெல்லாம் பேத்து ஒரு ஓரமா குவிச்சுட்டு அங்க ஒரு இரும்பு வளையத்தைப் போட்டு வச்சிருக்காங்க, பக்கத்துல ஒரு மேஜை, அவ்வளவுதான். போர்டுல ராத்திரிக்கு 24 டாலர், ஆன்லைன் புக்கிங் மட்டும், ரிசர்வேஷன் ஃபீ 8 டாலர் தனி, ரொக்கமா வாங்க மாட்டோம், கீழ ஒரு க்யூஆர் கோடு. அந்த மலைல சிக்னல் ஒரு கோடு கூட வராதுன்னு அங்க ஒரு தடவை போன எவனுக்கும் தெரியும்! போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பாறை மேல ஏறி நின்னு பாத்தேன், வரல. நாப்பது நிமிஷம் கீழ ஓட்டிட்டு வந்து பெட்ரோல் பங்க்ல நின்னு புக்கிங் வெப்சைட்டைத் திறந்தா எல்லா இடமும் ஃபுல். ஃபுல்லா? இப்பத்தான்யா என் கண்ணால பாத்துட்டு வரேன், பன்னெண்டுல ஏழு காலியா கிடக்கு! ஆறு மாசம் முன்னாடி புக்கிங் திறந்ததும் காலைல ஏழு மணிக்கு உக்காந்து புக் பண்ணவன் வரல, அவனுக்கு அது ஒரு 32 டாலர், போனா போகுதுன்னு விட்டுட்டான். திரும்ப மேல போய் அங்க இடத்தைப் பாத்துக்கற ஹோஸ்ட் பெரியவர்கிட்ட கேட்டேன், பாவம் அவருக்கே சங்கடம், தம்பி என் கையில ஒண்ணும் இல்ல, சிஸ்டத்துல புக்கிங் இருந்தா நான் இடம் குடுக்க முடியாதுன்னுட்டார். என் பொண்ணு கார்ல உக்காந்துக்கிட்டே கேக்கறா, "அப்பா, இது நம்ம இடம்தானே?" என்ன சொல்றது அதுக்கு.

சரி, சட்டத்துலயாவது என்ன இருக்குன்னு உக்காந்து படிச்சேன், படிச்சதும்தான் வயிறு இன்னும் எரியுது. பொது நிலத்துல எதுக்கு ஃபீ வாங்கலாம்னு 2004 டிசம்பர்ல வந்த சட்டம் இது, பத்து வருஷத்துக்குன்னு சொல்லிக் கொண்டு வந்து இன்னிக்கு வரைக்கும் நீட்டிச்சுக்கிட்டே இருக்காங்க. வண்டியை நிறுத்தறதுக்கு மட்டும், சும்மா நடந்து போறதுக்கு மட்டும், வசதியே இல்லாத இடத்துல தங்கறதுக்கு காசு வாங்கக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அரிசோனாவுல மவுண்ட் லெமன்ங்கற மலைல வண்டியை நிறுத்தினவங்ககிட்ட எல்லாம் வசூல் பண்ணதுக்கு நாலு பேர் கேஸ் போட்டு 2012ல அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சாங்க, ஒரு சென்ட் கூட கட்டாம தேசிய வனத்துக்குள்ள நுழைய எல்லாருக்கும் உரிமை இருக்குன்னு தீர்ப்புல இருக்கு. அப்புறம் எப்படிடா இதுன்னு பாத்தா, கேம்ப்கிரவுண்டுக்கு ஒன்பது வசதி லிஸ்ட் போட்டு அதுல பாதிக்கு மேல இருந்தா வசூல் பண்ணலாமாம். டென்ட் போட இடம், அது மலை குடுத்தது. போக ரோடு, அது எப்பவோ போட்டது. இரும்பு வளையம், மேஜை, நாலாச்சு. அஞ்சாவது என்ன தெரியுமா, ஃபீ வசூல் பண்ண ஒரு ஆள் இருக்கறது! காசு வாங்கறதையே ஒரு வசதின்னு கணக்குல சேத்திருக்காங்க. குடிதண்ணி இல்ல, டாய்லெட் இல்ல, குப்பைத் தொட்டி இல்ல, ஆனா அஞ்சு வந்துடுச்சு, முடிஞ்சுது. இதுல தனியார் கம்பெனிகிட்ட நடத்தக் குடுத்துட்டா அந்த சட்டத்தோட கட்டுப்பாடே பொருந்தாதுன்னு 2014ல வாஷிங்டன் டிசி கோர்ட்ல வேற தீர்ப்பு.

வாட்ஸ்அப் குரூப்ல புலம்பினா, 32 டாலர்தானே, ரெண்டு பிரியாணி காசு, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு டென்ஷன்னு ஒருத்தர் கேக்கறார். அண்ணா, உங்களுக்கும் எனக்கும் அது பிரியாணி காசு. போன வருஷம் பக்கத்து மரத்தடில தங்கியிருந்த குடும்பம் ஞாபகம் இருக்கு, அப்பா பழம் பறிக்கிற வேலை, மூணு பசங்க, பழைய வேன். வருஷத்துல அவங்களுக்கு லீவுன்னா அது ஒண்ணுதான், அதுவும் சும்மா தங்கலாம்ங்கறதால. ஏழு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கிரெடிட் கார்டு போட அவரால முடியுமா? அந்த மூணு பசங்க இந்த வருஷம் எங்க போச்சுங்கன்னு யாருக்காவது தெரியுமா? ஏழு இடம் காலியா கிடக்கு, அதுங்களுக்கு இல்ல.

வர்றவன் குப்பை போடறான், ஆர்வின்னு சொல்ற வீட்டு வண்டியைப் பழசானா அங்கயே விட்டுட்டுப் போறான், அதனாலதான் இப்படி பண்றாங்கன்னு சொல்றீங்க. ஒத்துக்கறேன், அவனுங்க மேல எனக்கும் கோவம்தான். அப்ப அவனைப் பிடிச்சு ஃபைன் போடு, ஆள் போடு. குப்பைன்னு காரணம் சொல்லிட்டு ஒரு குப்பைத் தொட்டி கூட வைக்காம நம்பர் கம்பத்தை நட்டா குப்பை எப்படிப் போகும்?

புது ஃபீ போடற இடத்துக்கு ஆறு மாசம் முன்னாடி ஃபெடரல் ரெஜிஸ்டர்ங்கற அரசு கெஜட்ல அறிவிக்கணும், மக்கள்கிட்ட கருத்து கேக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு. இன்னிக்குக் காலைல அந்த ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேன், எந்தத் தேதில அறிவிச்சீங்க, யார்கிட்ட கேட்டீங்க, தனியார்கிட்ட விட்டிருந்தா அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்க, காலியா கிடந்த ஏழு இடத்தோட போட்டோ இதோ இருக்குன்னு. எங்க ஏரியா காங்கிரஸ் மெம்பர், அதாவது நம்ம ஊர் எம்.பி. மாதிரி, அவர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி. பதில் வந்தா அப்படியே போடறேன், வரலைன்னா திங்கக்கிழமை போன் பண்றேன்.