எடை இல்லாவிட்டால் சுழற்றுவது சுலபமா?
'ஈர்ப்பும் உராய்வும் இல்லாத விண்வெளியில் எவ்வளவு பெரிய சக்கரமும் விரலால் தட்டினாலே சர்ரென்று சுற்றும்' என்று ஒரு கட்டுரையில் வருவது பாதிதான் சரி. சுற்றும், ஆனால் சர்ரென்று இல்லை. ஓசூரில் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை வைத்திருக்கிறேன். லேத்தில் வேலைப் பொருளைக் கவ்விக்கொண்டு சுழலும் பகுதிக்கு 'சக்' என்று பெயர். நன்றாகச் சமன் செய்த சக், எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும். அதாவது அதைத் திருப்புவதில் ஈர்ப்புக்கு வேலையே இல்லை. பேரிங் உராய்வும் சொற்பம். இருந்தும் சின்ன 'சக்'கைக் கழற்றிவிட்டுப் பெரிய பேஸ் பிளேட்டை (வேலைப் பொருளைப் பூட்டும் அகலமான வட்டத் தட்டு) மாட்டினால், முழு வேகத்துக்கு வர மோட்டார் திணறுகிறது. காரணம் நிறையும், அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும். நிறையை மாற்றாமல் ஒரு வளையத்தின் ஆரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகத்தை மாற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, 4 மடங்காகிவிடும், பூமியானாலும் விண்வெளியானாலும். உராய்வு இல்லாததால் கிடைப்பது வேறு லாபம்: விரலை எடுத்த பிறகும் வேகம் குறையாது, அவ்வளவுதான். அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'அங்கே போல்ட் முடுக்குவதாவது எளிதாக இருக்குமா' என்று கேட்டிருக்கிறார். இன்னும் கஷ்டம் சார். போல்ட்டின் மரைக்குள் உராய்வு அங்கேயும் உண்டு. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டுக்குப் பதில் நாமே எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவோம். தரையில் நம்மைப் பிடித்து நிறுத்துவது காலடி உராய்வு, அது அங்கே கிடையாது. அமெரிக்காவின் ஜெமினி விண்கலப் பயணங்களில், தொடக்கத்தில் கலத்தை விட்டு வெளியே போய் வேலை செய்த சிலர் களைத்தே போனார்கள். 1966இல் ஜெமினி 12 பயணத்தில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கால்களைப் பிடிமானத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் போல்ட் திருகும் வேலை ஒழுங்காக நடந்தது.