ஃபைலுக்குள் போன சமூகப் பணி

"சோஷியல் ஒர்க்தானே, நல்ல மனசு இருந்தா போதாதா, இதுக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. 1915இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த மாநாட்டில் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் இதைவிடக் கடுமையாகவே பேசிவிட்டார். மருத்துவக் கல்லூரிகளின் லட்சணத்தை 1910இல் அறிக்கையாகப் போட்டுக் கிழித்த கல்வியாளர் அவர். இந்த வேலையிலேயே இருந்தவர்கள் நிறைந்த சபையில், சமூகப் பணி இன்னும் மருத்துவம், சட்டம் போல ஒரு தொழிலாகவில்லை, டாக்டரிடமும் வக்கீலிடமும் ஆளைச் சேர்த்துவிடும் இடைநிலை வேலைதான், தனக்கென்று கற்றுக்கொடுக்கும்படியான முறை ஏதும் இல்லை என்றார்.

அதுவரைக்கும் என்ன இருந்தது? 1869இல் லண்டனில் தொடங்கிய தரும அமைப்புச் சங்கத்தின் வழியில், வசதியான வீட்டுப் பெண்கள் ஏழை வீடுகளுக்குப் போய், இவர் உதவிக்குத் தகுதியானவரா, சோம்பேறியா என்று எடைபோட்டார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அந்த வழியில் வந்த மேரி ரிச்மண்டுதான் 1917இல் 'சோஷியல் டயக்னோசிஸ்' எழுதி, உறவினர், பள்ளி, மருத்துவர், முதலாளி என்று எல்லோரிடமும் விசாரித்து, ஆதாரத்தோடு ஒருவர் நிலைமையைப் புரிந்துகொள்ளும் முறையைக் கொடுத்தார். அது சாதாரண விஷயமில்லை. மருந்து வாங்க வராமல் நின்றுபோன பெண்ணை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடலாம்; அவள் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, அதுவரை குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தெரிவதுதான் படிப்பு.

என் வருத்தம் வேறு. தொழில் என்ற அந்தஸ்தைத் தேடிப் போனதில், ஆளை மட்டும் பார்க்காமல் சூழலையே மாற்றப் பார்க்கும் இன்னொரு பாதி கைநழுவிவிட்டது. சிகாகோவில் ஏழைகள் நடுவே குடியிருந்தே உதவும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தை 1889இல் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ், தெருவில் குப்பை அள்ளாமல் கிடப்பதைப் பார்த்து, அள்ளும் ஒப்பந்தத்தையே தானே கேட்டு விண்ணப்பித்தார். அது தள்ளுபடியாகி, 1895இல் அந்த வார்டின் குப்பை ஆய்வாளர் பதவி கிடைத்ததும், விடியற்காலையில் வண்டிகளின் பின்னாலேயே போய்ப் பார்த்தார். அவருடன் இருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி தொழிற்சாலை ஆய்வாளரானார். இதெல்லாம் எந்த கேஸ் ஃபைலில் அடங்கும்? ரிச்மண்டும் சட்டச் சீர்திருத்தம் வேண்டாம் என்றவரல்ல, பின்னால் வந்தவர்களுக்கு ஃபைல் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

சமூகப் பணியாளர்களான நாங்கள் நிரப்பும் படிவத்தில் குடிப்பழக்கம், மனநிலை, குடும்பத் தகராறு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஒரே தெருவிலிருந்து வயிற்றுப்போக்கோடு வரிசையாகக் குழந்தைகள் வந்தால் ஆளுக்கொரு ஃபைல் திறக்கிறோம். எல்லாம் ஒரே தெரு என்று எழுத இடமில்லை. மேலே கேட்டால், தண்ணீர்க் குழாய் நம்ம டிபார்ட்மென்ட் இல்லை என்பார்கள்.