பியட்ரிஸ் டின்ஸ்லி போட்ட கணக்கு

மகளிர் தினம் நெருங்கினால் போதும், வானியல் பெண்கள் வரிசையில் பியட்ரிஸ் டின்ஸ்லியின் படமும் சுற்ற ஆரம்பித்துவிடும். கணவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை, பிள்ளைகளைப் பிரிந்தார், 40 வயதில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. கீழே வரிசையாக அழுகிற எமோஜிகள். சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பார்த்த பதிவுகளில் அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி உருப்படியாக இருந்ததில்லை. "கேலக்ஸிகளை ஆராய்ந்தார்" (கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த தொகுதிகள், நம் பால்வீதி மாதிரி), அவ்வளவுதான். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே எரிச்சல். வேலையைச் சொல்லாமல் வேதனையை மட்டும் சொன்னால், அவருக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதுகூடப் பிடிபடாது.

அதனால் வேலையில் இருந்தே தொடங்குகிறேன்.

1960-களில் அண்டவியலின் பெரிய கேள்வி இது: பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகுமா, இல்லை ஒருநாள் நின்று திரும்பச் சுருங்குமா? இதை அளந்தே தீருவது என்று இறங்கியவர் ஆலன் சாண்டேஜ். பிரபஞ்சம் விரிகிறது என்று காட்டிய எட்வின் ஹப்பிளின் வாரிசு என்று சொல்லத்தக்கவர். பாலோமரில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கி அவர் கையில். முறை எளிதானது. கேலக்ஸிக் கூட்டங்களில் மிகப் பிரகாசமாக இருக்கும் ராட்சத நீள்வட்ட கேலக்ஸிகளை எடுத்துக்கொள்வது. அவை எல்லாம் ஒரே வாட்ஸ் பல்பு என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அதை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். தூரத்தையும் விலகிப்போகும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் விரிவு எந்த அளவுக்குத் தளர்கிறது என்று தெரிந்துவிடும். அவருக்குக் கிடைத்த விடை, பிரபஞ்சம் ஒருநாள் சுருங்கும் என்ற பக்கம் சாய்ந்தது.

டின்ஸ்லி கேட்ட கேள்வி: பல்புக்கு வயதாகாதா?

இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். கிரைஸ்ட்சர்ச்சில் இயற்பியல் படித்துவிட்டு, 1963-இல் கணவரின் வேலைக்காக அமெரிக்காவில் டல்லஸ் போனார். ஆய்வுப் படிப்புக்கு ஆஸ்டின் போக வேண்டும், ஒரு வழிக்கே சுமார் 300 கிலோமீட்டர். 1964-இல் சேர்ந்தார், 1966 முடிவதற்குள் ஆய்வேட்டை முடித்துவிட்டார். நம் ஊரில் ஆறு ஏழு வருடம் இழுப்பவர்களை நினைத்துப் பாருங்கள் (நல்ல காரணங்களும் இருக்கும், சண்டைக்கு வராதீர்கள்).

அந்த ஆய்வேட்டில் அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு கேலக்ஸி பிறந்ததில் இருந்து இன்றுவரை எப்படி மாறும் என்ற கணக்கு அது. முதலில் வெறும் வாயு. அதில் எவ்வளவு, எந்த வேகத்தில் நட்சத்திரமாக மாறும் என்று ஓர் அனுமானம். பிறக்கும் நட்சத்திரங்களில் கனமானவை எத்தனை, லேசானவை எத்தனை என்பதற்கு 1955-இல் எட்வின் சால்பீட்டர் கொடுத்த விகிதம் இருந்தது. கனமான நட்சத்திரம் நீலமாகக் கொழுந்துவிட்டு எரிந்து சில கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துபோகும். சூரியன் மாதிரியானது சுமார் 1,000 கோடி ஆண்டுகள் தாங்கும். அதைவிடச் சின்னவை இன்னும் அதிகம். இப்போது காலத்தைத் துண்டுதுண்டாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் உயிரோடு இருக்கும் நட்சத்திரங்களின் ஒளியையும் நிறத்தையும் கூட்ட வேண்டும். செத்தவை திருப்பித் தரும் வாயுவையும், அதில் கலந்து வரும் கனமான தனிமங்களையும் அடுத்த தலைமுறையின் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படியே இன்றுவரை ஓட்டிக்கொண்டு வந்து, வானத்தில் தெரியும் கேலக்ஸியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் அந்தக் காலத்துக் கணினியில், பெரிய ஆய்வுக்குழு எதுவும் பின்னால் இல்லாமல் ஒருவர் செய்தார்.

விடை சாண்டேஜுக்குச் சாதகமாக இல்லை. நீள்வட்ட கேலக்ஸிகளில் நட்சத்திரப் பிறப்பு எப்போதோ முடிந்துவிட்டது. காலம் போகப்போக அவை மங்கும். தொலைவில் இருப்பதை நாம் அதன் இளமையில் பார்க்கிறோம், அப்போது அது உண்மையிலேயே பிரகாசமாக இருந்தது. அதனால் இருக்கும் தூரத்தைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். இதைத் திருத்தினால் 'சுருங்கும்' என்ற முடிவு ஆட்டம் கண்டுவிடும். சாண்டேஜ் இந்தத் திருத்தம் அற்பமானது என்று நினைத்தார், தகராறு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அவரை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. குளிரில் உட்கார்ந்து இரவிரவாக அளந்தவர் அவர்தான். ஆனால் கேலக்ஸிக்கு வயதாகும் என்ற விஷயத்தில் டின்ஸ்லி சொன்னதுதான் சரி, சாண்டேஜ் சொன்னது சரியில்லை.

1974-இல் ரிச்சர்ட் காட், ஜேம்ஸ் கன், டேவிட் ஷ்ராம் ஆகியோருடன் சேர்ந்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டேதான் போகும் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே கன்னும் அவரும் 'நேச்சர்' இதழில் ஒரு படி மேலே போய், விரிவின் வேகம் கூடுகிறதோ என்றே கேட்டார்கள். 1998-இல் சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சாகும் நட்சத்திரங்கள்) வைத்து வேகம் கூடுவது உறுதியானது, 2011-இல் அதற்கு நோபல் கிடைத்தது. உடனே "டின்ஸ்லியிடம் இருந்து நோபலைத் திருடிவிட்டார்கள்" என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். 1975-இன் தரவு அந்தக் கனத்தைத் தாங்காது. தங்கள் வாதத்தில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மைதான் பெரிதாகப் படுகிறது.

என் மனதுக்கு நெருக்கமானது 1978-இல் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லார்சனுடன் சேர்ந்து எழுதியது. ஒழுங்கான வடிவமுள்ள கேலக்ஸிகளின் படத்தொகுப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது, ஹப்பிள் பெயரில். கோணல்மாணலான, வால் முளைத்த, ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட 338 கேலக்ஸிகளை ஹால்டன் ஆர்ப் 1966-இல் தனியாகத் தொகுத்திருந்தார். இரண்டு கூட்டத்தின் நிறங்களையும் வரைபடத்தில் வைத்தார்கள். ஒழுங்கானவை ஒரு மெல்லிய கோட்டில் வந்து வரிசையாக நின்றன. ஆர்ப் தொகுப்பில் இருந்தவை தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. நட்சத்திரப் பிறப்பு சீராக நடந்தால் அப்படிச் சிதறாது. திடீர்திடீரென்று, 2 கோடி ஆண்டுகள் என்ற மிகக் குறுகிய காலத்துக்குள்கூட, மொத்த நிறையில் 5 சதவீதம்வரை நட்சத்திரமாக மாறினால்தான் அந்த நிறங்கள் வரும். அந்தச் சிதறல் முக்கியமாகத் தெரிந்ததும் மோதலில் சிக்கிய கேலக்ஸிகளில்தான். மோதினால் வாயு நசுங்கி நட்சத்திரங்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கும் என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அன்று வெறும் மூன்று வடிகட்டிகள் வழியாக அளந்த நிறத்தை வைத்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது அந்த அநியாயத்துக்கு வரலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் வானியல் துறை ஒன்றுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். அதற்குத் தலைமை ஏற்க விண்ணப்பித்தார், பதிலே வரவில்லை. அண்டத்தின் எதிர்காலம் பற்றிய வாதத்தையே புரட்டிப் போட்டவருக்கு இந்த மரியாதை! 1974-இல் மணவாழ்க்கையை முடித்துக்கொண்டு கிளம்பினார். தத்தெடுத்த இரண்டு பிள்ளைகளும் அப்பாவிடம் இருந்தார்கள். யேல் அவரை எடுத்துக்கொண்டது, 1978-இல் அங்கே வானியலில் முதல் பெண் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டில்தான் தோல் புற்றுநோயும் தெரியவந்தது. 1981 மார்ச் 23 அன்று காலமானார். வலது கை செயலிழந்த பிறகு இடது கையால் எழுதப் பழகி, கடைசிக் கட்டுரையை முடித்துக் கொடுத்தார். அதையும் கண்ணீர்க் கதையாக்கலாம்தான். எனக்கென்னவோ அதில், எடுத்த வேலையைப் பாதியில் விட மனமில்லாத ஒரு பிடிவாதக்காரிதான் தெரிகிறார்.

சரி, இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த புதிதில், பெருவெடிப்பு நடந்து 70 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே ராட்சத கேலக்ஸிகள் உருவாகிவிட்டன, அண்டவியலே தப்பு என்று 2023-இல் தலைப்புச் செய்திகள் வந்தன அல்லவா? வெப் பார்த்தது ஒளியையும் நிறத்தையும்தான். இத்தனை ஆயிரம் கோடி சூரியன்களின் நிறை என்ற எண், டின்ஸ்லி போட்ட வகைக் கணக்கின் இன்றைய வடிவத்தில் இருந்து வந்தது. கனமான நட்சத்திரமும் லேசான நட்சத்திரமும் எந்த விகிதத்தில் பிறந்தன என்ற அனுமானம் மாறினால் நிறையும் மாறும். கருந்துளையைச் சுற்றி எரியும் வாயுவின் ஒளியை நட்சத்திர ஒளி என்று எடுத்துக்கொண்டாலும் மாறும். ஆரம்ப காலத்து கேலக்ஸிகள் ஏன் இவ்வளவு பிரகாசம் என்பதற்கு இப்போது பேசப்படும் விளக்கங்களில் ஒன்று, நட்சத்திரங்கள் சீராகப் பிறக்காமல் விட்டுவிட்டு வெடிப்பாகப் பிறந்திருக்கும், நம் கண்ணில் பட்டது அந்த வெடிப்பு நேரத்தில் இருந்தவை என்பது. லார்சனும் டின்ஸ்லியும் ஆர்ப்பின் கோணல் கேலக்ஸிகளுக்குச் சொன்ன அதே விளக்கம்.