கிலோமீட்டர் மட்டும் போதாது
அயர்ன்மேன் டிரையத்லானில் (நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன் பிறகு மாரத்தான் ஓட்டம்) சைக்கிளில் பலமானவர் ஓட்டத்திலும் முன்னேற வாரம் ஓடும் கிலோமீட்டரைக் கூட்டினாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படிக் கூட்டித்தான் கணைக்கால் எலும்பில் வலி வந்து ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். சைக்கிள் பழக்கிய மூச்சு ஓடத் தயாராகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் தரை தரும் அதிர்வைத் தாங்க எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். பிறகு வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடினேன். கால் தாங்கியது. ஆஸ்திரேலிய டிரையத்லான் வீரர் கேமரன் வர்ஃப்கூட 2017இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் சைக்கிள் சாதனை படைத்தும் ஓட்டத்தில் பின்தங்கி 17ஆவதாகத்தான் முடித்தார். அதே போட்டியில் 5ஆவது இடத்துக்கு வர 2019 ஆனது. இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது: 180 கி.மீ. சைக்கிளில் ஏற்றத்துக்கு ஏற்றம் எழுந்து நின்று மிதித்தால், மாரத்தானில் 25ஆவது கிலோமீட்டர் தாண்டியதும் தொடை கல்லாகிவிடுகிறது, எத்தனை வாரம் ஓடிப் பழகியிருந்தாலும்.