எந்த இனிட் என்பதை டெஸ்க்டாப் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

கணினி எழும்போது முதலில் ஓடும் இனிட் புரோகிராம்களில் ஒன்றான சிஸ்டம்டி நல்லதா கெட்டதா என்ற சண்டை லினக்ஸ் வட்டத்தில் பத்து வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் சிஸ்டம்டிதான் இருக்கிறது. அதை எடுக்கும் எண்ணமும் இல்லை. பழைய சிஸ்வி இனிட்டில், பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸுக்கு நீளமாக ஷெல் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. இன்று சில வரி யூனிட் ஃபைல் போதும். சர்வீஸ் விழுந்தால் தானாக எழுந்துகொள்ளும், எந்த பிராசஸ் எந்த சர்வீஸைச் சேர்ந்தது என்பதும் தெளிவாகத் தெரியும். 2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்தது உண்மையிலேயே நல்ல வேலை.

என் ஆட்சேபம் சிஸ்டம்டி மேல் இல்லை, அது மற்றவற்றோடு கட்டப்பட்ட விதத்தின் மேல்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுந்ததும் முதலில் ஓடும் புரோகிராம் இனிட். மற்ற சர்வீஸ்களைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. க்னோம் என்பது திரையில் ஜன்னலும் மெனுவும் காட்டும் டெஸ்க்டாப். இரண்டுக்கும் நடுவே பல அடுக்குகள் இருக்கின்றன. அப்படியிருக்க, க்னோம் வேண்டுமென்றால் இந்த இனிட்தான் வேண்டும் என்ற நிலை எப்படி வந்தது? சதி எதுவும் இல்லை. யார் லாகின் செய்திருக்கிறார்கள், ஷட்டவுன் செய்யும் உரிமை யாருக்கு என்பதையெல்லாம் முன்பு கன்சோல்கிட் என்ற புரோகிராம் பார்த்துக்கொண்டது. அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் போயிற்று. சிஸ்டம்டியின் லாகின்டி அந்த இடத்தைப் பிடித்தது, க்னோமும் அதன் மேல் சாய்ந்துகொண்டது. லாகின்டி தனியாக வராது, சிஸ்டம்டியோடுதான் வரும். அந்த வழியாகத்தான் டெஸ்க்டாப்பின் தேவை இனிட்டின் தேவையாக மாறியது.

பலர் பயன்படுத்தும் லினக்ஸ் வடிவமான டெபியனில் 2014இல் நடந்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில் சிஸ்டம்டிக்கு நான்கு பேர், அப்ஸ்டார்ட் என்ற இன்னொரு இனிட்டுக்கு நான்கு பேர் என்று வாக்கு சமமாகப் பிரிந்தது. தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி வென்றது. அதில் எனக்குக் குறையில்லை, ஏதாவது ஒன்று டிஃபால்ட்டாக இருந்தே ஆக வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். டிஃபால்ட் எதுவாகவும் இருக்கட்டும், எந்த பேக்கேஜும் ஒரே ஒரு இனிட்டைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று அந்தக் குழுவில் இருந்த இயன் ஜாக்சன் ஒரு தீர்மானம் முன்வைத்தார். அது தோற்றது. இப்படி ஒரு பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு ஜெயித்தது. சில நாளில் அவர் குழுவிலிருந்து விலகினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அன்றே அதற்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும் என்பது இன்றும் என் கருத்து.

“சோர்ஸ் திறந்துதானே கிடக்கிறது, பிடிக்காவிட்டால் ஃபோர்க் செய்துகொள்”, அதாவது நகலெடுத்து உன் வழியில் மாற்றிக்கொள், என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சிஸ்டம்டி இல்லாத டெபியன் என்று டெவுவன் 2014 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. முதல் நிலையான வெளியீடு வந்தது 2017 மே மாதம். விஷயம் தெரிந்த டெவலப்பர்களுக்கே இரண்டரை வருடம். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பழகும் கல்லூரி மாணவரிடம் போய் ஃபோர்க் செய்துகொள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? லைசென்ஸ் தரும் உரிமை வேறு, நடைமுறையில் கைக்கு எட்டும் தெரிவு வேறு.

பராமரிப்பவர்களின் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். யாரும் சோதித்துப் பார்க்காத இரண்டாவது பாதையைக் கோடில் வைத்துக்கொண்டிருப்பது பாரம்தான். 2025இல் வந்த க்னோம் 49இல், செஷனுக்கென்று சொந்தமாக வைத்திருந்த சர்வீஸ் மேனேஜரை எடுத்துவிட்டு அந்த வேலையை சிஸ்டம்டியிடம் விட்டார்கள். அதை எழுதுபவர்களின் நேரத்துக்கு நான் முதலாளி இல்லை. எல்லா இனிட்டையும் நீங்களே தாங்குங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை.

ஆனால் இதைக் கேட்கலாம்: என்ன வசதி தேவை என்பதை ஒரு இன்டர்ஃபேஸாக எழுதி வையுங்கள், அதை யார் தருகிறார்கள் என்பதைத் திறந்து விடுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாக லாகின்டி தரும் இன்டர்ஃபேஸ் எழுத்தில் இருந்ததால்தான் எலாகின்டி பிறந்தது. லாகின்டியை மட்டும் சிஸ்டம்டியிலிருந்து பிரித்தெடுத்த வடிவம் அது. ஜென்டூ என்ற லினக்ஸ் வடிவத்தில், ஓபன்ஆர்சி என்ற வேறொரு இனிட்டோடு க்னோம் ஓட முடிந்தது அதனால்தான்.

ஃபோன்களுக்கான லினக்ஸ் வடிவமான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2024இல் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. க்னோமையும் கேடிஈ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பையும் சிஸ்டம்டி இல்லாமல் ஓட்டுவது கடினமாக இருக்கிறது என்று காரணத்தை வெளிப்படையாக எழுதி, சிஸ்டம்டிக்கு மாறும் முடிவை அறிவித்தார்கள். ஓபன்ஆர்சிதான் வேண்டும் என்பவர்கள் தாங்களே பில்ட் செய்துகொள்ளும் வழியையும் விட்டுவைத்தார்கள். மாற்றம் வந்தது, ஆனால் யாரும் ஏமாற்றப்படவில்லை.

இதற்கு நேர் எதிர், 2020இல் வந்த உபுண்டு 20.04இல் குரோமியம் பிரவுசருக்கு நடந்தது. பயனர், பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி கட்டளையில் குரோமியம் கேட்கிறார். வருவது ஒரு வெற்று பேக்கேஜ், அது பின்னால் போய், உபுண்டுவின் தனி பேக்கேஜ் முறையான ஸ்னாப் வடிவத்தை இறக்கி வைக்கிறது. ஸ்னாப் ஸ்டோரின் சர்வர் பக்கக் கோடும் திறந்ததில்லை. ஒரு கட்டளைக்கு ஒரு அர்த்தம் என்று நம்பித்தான் அதை டைப் செய்கிறோம். ஆள் பற்றாக்குறையால் ஒன்றை நிறுத்துவதை என்னால் புரிந்துகொள்ள முடியும். நான் கேட்டதற்குப் பதில் வேறொன்றைக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. லினக்ஸ் மின்ட் அதே ஆண்டு, ஏபிடி வழியாக ஸ்னாப்டி (ஸ்னாப்பை இயக்கும் புரோகிராம்) தானாக நுழைவதைத் தடுத்தது. வேண்டுமென்றால் அந்தத் தடையை எப்படி நீக்குவது என்பதையும் தங்கள் கையேட்டிலேயே எழுதி வைத்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

அப்புறம், தெரிவு வேண்டும் என்று பேசும் நம் தரப்பும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கன்சோல்கிட் செத்தது பராமரிக்க யாரும் முன்வராததால். டெபியனில் இன்றும் சிஸ்வி இனிட் பேக்கேஜாகக் கிடைக்கிறது. 2019இல் டெபியன் மறுபடி வாக்கெடுத்தபோது, சிஸ்டம்டியே முதன்மை, மாற்று முயற்சிகளுக்கும் இடமுண்டு என்றுதான் முடிவானது. அந்த இடத்தை யாராவது பயன்படுத்தினால்தான் அது இருக்கும். சிஸ்வி இனிட்டை ஒரு விர்ச்சுவல் மெஷினில் போட்டு உங்களுக்குத் தேவையான புரோகிராம்களை ஓட்டிப் பாருங்கள். எது உடைகிறதோ அதை ஒழுங்கான பக் ரிப்போர்ட்டாக எழுதுங்கள். முடிந்தவர்கள் பேட்ச்சும் சேர்த்து அனுப்புங்கள்.