கோக் தொடக்கம் முதலே அப்படியா?
இங்கிலாந்தின் பழைய சட்ட அறிஞரும் நீதிபதியுமான எட்வர்ட் கோக் பற்றிய இந்தக் கட்டுரை, அவர் தொடக்கம் முதலே அரச அதிகாரத்தை எதிர்த்து நின்றவர் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 1628இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய உரிமை மனுவுக்காக, 76 வயதில், நாடாளுமன்றத்தில் முன்னின்றது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1594 முதல் 1606 வரை அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, இருந்தபோது அவர் அரசின் வாயாகவே பேசினார். 1603 நவம்பரில் வின்செஸ்டரில் நடந்த, கடலோடி வால்டர் ராலியின் ராஜதுரோக வழக்கைப் பாருங்கள். அதே சதியில் குற்றம்சாட்டப்பட்ட காப்ஹாம் பிரபுவின் வாக்குமூலம்தான் முக்கியச் சாட்சியம். அவரை நேரில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று ராலி திரும்பத் திரும்பக் கேட்டும் நடக்கவில்லை. கோக்கோ ராலியை விரியன் பாம்பு என்று வசைபாடிக்கொண்டிருந்தார்! சித்திரவதைக்கான ஆணைகளிலும் இவர் பெயர் உண்டு. பின்னாளில் அதே மனிதர்தான் சித்திரவதைக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதினார். இங்கே கருத்து எழுதிய ஒரு நண்பர், 1616இல் தலைமை நீதிபதி பதவி பறிபோன ஆத்திரத்தில்தான் கோக் மாறினார் என்கிறார். அதுவும் பொருந்தவில்லை. மன்னர் தாமே உட்கார்ந்து வழக்கைத் தீர்க்க முடியாது என்று முதலாம் ஜேம்ஸிடம் 1607இலேயே அவர் சொல்லிவிட்டார். பதவி போனதும் உடனே எதிர்க்கவும் கிளம்பவில்லை. மறு வருடமே மகள் பிரான்சிஸை, அவள் விருப்பத்துக்கு மாறாக, மன்னரின் செல்லப்பிள்ளையான பக்கிங்ஹாமின் அண்ணனுக்குக் கட்டிவைத்து, அரசவைக்குள் திரும்ப நுழைந்துவிட்டார்.