ஸ்டென்ட்டுக்குப் பணம் இருக்கிறது, பீடியை நிறுத்த வைக்க இல்லையா?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மாரடைப்பு வந்தவருக்கு ஆஞ்சியோ செய்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட்டும் வைத்து அனுப்புகிறார்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. எத்தனையோ வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றிய திட்டம் அது. ஆனால் அந்த மாரடைப்பைக் கூட்டிவந்த பீடியை விட வைப்பதும் வைத்தியம்தானே? அதற்கு ஏன் இந்த அக்கறை இல்லை?

என் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று விவரமாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் ‘புகைப்பதைத் தவிர்க்கவும்’. அவ்வளவுதான். பீடி இழுக்காமல் காலையில் வயிறு இளகாது என்று நம்புகிற மனிதர் எப்படித் தவிர்ப்பார்?

பீடி ஏக்கத்தைத் தணிக்கிற நிகோடின் சூயிங்கம் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். சரி என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. பெரியப்பா அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளினார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு நர்ஸ் அக்காதான் சொல்லிக்கொடுத்தார்: மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்து ஓரம் ஒதுக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், டீ குடித்த கையோடு போடக் கூடாது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும்.

அந்த இரண்டு நிமிஷத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1979இல் லண்டனில் வெளியான ஆய்வு ஒன்று. குடும்ப டாக்டர்கள் ஓரிரு நிமிஷம் பேசி, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து, ‘மறுபடி விசாரிப்போம்’ என்று சொல்லி அனுப்பியவர்களில் 5.1 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் புகைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களில் 0.3 சதவீதம். நம் நாட்டிலோ, 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பின்படி, மருத்துவரைப் பார்க்கப் போன புகைப்பவர்களில் பாதிப் பேருக்கு ‘நிறுத்துங்க’ என்ற வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது, 1800-11-2356. 2018லிருந்து பாக்கெட் மேலேயே அச்சிடுகிறார்கள். பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக வாங்குகிறவர் பாக்கெட்டை எங்கே பார்க்கப்போகிறார்? டாக்டர்தான் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2014இல் காப்பீட்டுத் திட்டங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. புகையை விட வருஷத்துக்கு இரண்டு முயற்சி, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆலோசனை, 90 நாள் மருந்து, நோயாளி கையிலிருந்து பைசா கிடையாது. அந்த ‘இரண்டு’தான் எனக்குப் பிடித்தது. முதல் தடவை தோற்றவரைத் திட்டாமல் மறுபடி வரச் சொல்கிறது.

இங்கேயும் இதைச் செய்யலாம். நிகோடின் மருந்து 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. ஸ்டென்ட்டுக்கான தொகையோடு மூன்று மாத மருந்துக்கும், ஆலோசனைக்கு உட்காரும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ ஊதியத்துக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறவர்கள், ‘பீடி எந்த மட்டுல இருக்கு பெரியவரே?’ என்று மாதாமாதம் கேட்டுக் குறித்துக்கொண்டு போகட்டும்.